முடியாது என்பதையும் எழுதிக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் நாளிதழின் வேலூர் பக்கத்தில், மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு உபகரணங்கள் வழங்கிய விழாவின் படம் வந்திருந்தது. சக்கர நாற்காலியில் ஒரு சிறுமி, சுற்றிலும் பெரியவர்கள். எல்லாரும் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்திருப்பார்கள். நான் காலைப் பார்த்தேன். பாதம் மிதிபலகையைத் தொடவில்லை. நான்கு விரற்கடை மேலே தொங்கிக்கொண்டிருந்தது. பாதம் பதியாவிட்டால் இடுப்பு சரியும். இடுப்பு சரிந்தால் முதுகு வளையும். அப்படி உட்கார்ந்து படிக்கிற பிள்ளைக்கு அரை மணி நேரத்தில் கழுத்து வலிக்க ஆரம்பித்துவிடும். பதினைந்து வருடமாக இதையே பார்த்துப் பழகிய கண் என்னுடையது. படத்தை மடித்து வைத்துவிட்டேன், மனம் ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குடியாத்தத்திலிருந்து ஏழு கிலோமீட்டரில் இருக்கிறது எங்கள் கிராமம். நான் பீடி சுற்றுகிறவள். பத்தாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். கணவர் தறி நெய்துகொண்டிருந்தார். லுங்கிக்கு ஆர்டர் குறைந்த பிறகு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார், மாதம் ஒருமுறை வருவார். எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் நர்சிங் படிக்கிறாள். சின்னவன் எட்டாம் மாதத்திலேயே பிறந்தவன். மூளை முடக்குவாதம். இரண்டு காலும் வலது கையும் விறைப்பாக இருக்கும், இடது கையால் ஒரு பொருளைப் பிடிக்க முடியும், பேச்சு மெதுவாக வரும். இந்த வருடம் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு படிக்கிறான். கணக்கில் கெட்டிக்காரன். "உடம்புதான் இப்படி, அறிவுக்கு ஒண்ணும் குறையில்ல" என்று சொந்தக்காரர்கள் எனக்கு ஆறுதல் சொல்வார்கள். அந்தப் பேச்சு எனக்குப் பிடிப்பதில்லை. அறிவு வளர்ச்சியில் குறைபாடுள்ள பிள்ளைக்கும் பள்ளிக்கூடத்தில் இதே உரிமைதான் இருக்கிறது. கணக்கு வருவதால் என் மகனுக்கு மட்டும் கூடுதல் உரிமை வந்துவிடாது.

அவன் ஐந்தாம் வகுப்பு முடித்தபோது நடந்ததை முதலில் சொல்ல வேண்டும். ஐந்து வரைக்கும் எங்கள் தெருக்கோடியில் இருக்கும் தொடக்கப் பள்ளியில் படித்தான். நான் இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் விட்டுவிட்டு வருவேன். ஆறாம் வகுப்புக்கு இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற உயர்நிலைப் பள்ளிக்குத்தான் போக வேண்டும். ஜூன் மாதம் மாற்றுச் சான்றிதழை எடுத்துக்கொண்டு போனேன். அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "ஏம்மா, இங்க படிக்கட்டு, சாய்தளம் கெடையாது. பாத்ரூம் இந்தப் பையனுக்குத் தோதுப்படாது. வுழுந்து கிழுந்து வெச்சா யார் பதில் சொல்றது? வூட்லயே வெச்சிக்கினு படிக்க வைங்க, பேர மட்டும் ரெஜிஸ்டர்ல ஏத்திக்கறோம்" என்றார். என் மகன் என் தோளில் சாய்ந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

மூன்று முறை போனேன், மூன்று முறையும் அதே பதில். நான்காவது முறை பள்ளிக்குப் போகவில்லை. வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிற நீதிமன்ற வளாகத்துக்குப் போனேன். எங்கள் பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தி ஜீவனாம்ச வழக்குக்காக அங்கே போய் வந்தவள். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு என்று ஒன்று இருக்கிறது, காசு வாங்க மாட்டார்கள் என்று சொல்லியிருந்தாள். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் யார் யாருக்கு இலவச வக்கீல் உதவி உண்டு என்ற பட்டியல் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளும் பெண்களும் குழந்தைகளும் வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே இல்லாமல் அதில் வருகிறார்கள். இதை வாசிக்கும் எத்தனை தாய்மார்களுக்கு இது தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள்.

அங்கே மேசையில் இருந்த தன்னார்வலர் அம்மா என் மனுவைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "சேர்க்க முடியாதுன்னு எழுத்துல குடுத்தாங்களா?" இல்லை என்றேன். "அப்போ போய் அதை எழுத்துல கேளுங்க. வேற எதுவும் பேசாதீங்க. சண்டை போடாதீங்க. இந்தப் பையனை இந்தக் காரணத்தால சேர்க்க இயலாதுன்னு எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் வெச்சுக் குடுங்கன்னு கேளுங்க." 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலிருந்து இரண்டு பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்துக் கையில் கொடுத்தார்.

மறுநாள் அப்படியே கேட்டேன். அவர் வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்தார், பேனா மூடியைத் திறந்தார். என் மகன் பெயரையும் பிறந்த தேதியையும் எழுதினார். அதற்கு மேல் பேனா ஓடவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், என் மகனைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். "ரெண்டு நாள் டைம் குடும்மா" என்றார். மூன்றாம் நாள் சேர்த்துக்கொண்டார்கள். ஆறாம் வகுப்பை மாடியிலிருந்து கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள். அவரைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். பிறகு சிமெண்ட் சாய்தளம் போட ஊரில் பணம் திரட்டியபோது முன்னால் நின்றவரும் அவர்தான். ஆனால் வாயால் மூன்று முறை சொன்ன "முடியாது" தாளில் ஒரு முறைகூட வரவில்லை. ஐந்து வருடமாக இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த இரண்டு பக்க ஜெராக்ஸ் இப்போதும் என்னிடம் இருக்கிறது, மடிப்பில் கிழிந்து டேப் ஒட்டியிருக்கிறேன். சட்டத்தின் 16ஆம் பிரிவு, அரசு நிதி பெறும் பள்ளியும் அங்கீகாரம் பெற்ற பள்ளியும் பாகுபாடு காட்டாமல் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும், கட்டடமும் மற்ற வசதிகளும் எட்டும்படி இருக்க வேண்டும், பிள்ளைக்குப் போக்குவரத்து வசதி வேண்டும், அதிக உதவி தேவைப்படும் பிள்ளையாக இருந்தால் கூட வரும் ஆளுக்கும் வேண்டும் என்கிறது. 17ஆம் பிரிவு புத்தகம், உபகரணம், உதவித்தொகை, தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் ஆகியவற்றைச் சொல்கிறது. 31ஆம் பிரிவுதான் எங்களுக்கு உயிர். 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடுள்ள எந்தப் பிள்ளைக்கும் 6 வயதிலிருந்து 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு. அருகமைப் பள்ளியா சிறப்புப் பள்ளியா என்பதை நாங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

18 வயது என்பதை அழுத்திச் சொல்கிறேன். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வரைதான். அதை மட்டும் தெரிந்து வைத்துக்கொண்டு, எட்டாம் வகுப்பு முடிந்ததும் எங்கள் கடமை முடிந்தது என்று கைகழுவுகிறவர்கள் இருக்கிறார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்து பீடி சுற்றும் பெண்ணுக்கு இப்போது 19 வயது. காது கேட்காது. எட்டாவதோடு நின்றுவிட்டாள். அவள் படித்த காலத்திலேயே சிறப்புத் தேவையுள்ள பெண் பிள்ளைகளுக்கு மாதம் 200 ரூபாய் வீதம் பத்து மாதத்துக்கு ஊக்கத்தொகை, பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் இருந்தது. அவள் அம்மாவிடம் இதை யாரும் சொல்லவில்லை. நானே போன வருடம்தான் தெரிந்துகொண்டேன். அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

வீட்டுவழிக் கல்வியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல்வகைக் குறைபாடும் கடுமையான குறைபாடும் உள்ள பிள்ளைகள் வீட்டிலிருந்தே படிக்கலாம் என்று 2012இல் கல்வி உரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். படுக்கையை விட்டு எழ முடியாத பிள்ளைக்கு அது பெரிய வரம். ஆனால் வேண்டும் என்று கேட்கும் உரிமை பிள்ளைக்கும் குடும்பத்துக்கும் உரியது. பள்ளி தன் வசதிக்காக எங்களைத் திருப்பி அனுப்புவதற்கு அதில் இடம் கிடையாது. வாரம் ஒரு நாள் ஒரு டீச்சர் வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து போவதும், நாற்பது பிள்ளைகளோடு சத்தத்தில் உட்கார்ந்து படிப்பதும் ஒன்றல்ல. என் மகன் தோழர்களைச் சம்பாதித்தது ஆறாம் வகுப்புக்குப் பிறகுதான். கெங்கையம்மன் சிரசு திருவிழாவுக்கு அவனைத் தூக்கிக்கொண்டு போவது நானாக இருந்தேன். இப்போது அவன் வகுப்புப் பையன்கள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். கௌண்டன்யா ஆற்றங்கரை மணலில் சக்கரம் புதைந்தால் நான்கு பேர் நான்கு பக்கம் பிடித்துத் தூக்குகிறார்கள்.

நாற்காலி என்றதும் அந்தப் படத்துக்கே வருகிறேன். என் மகனுக்கு ஒன்பது வயதில் ஒரு முகாமில் அளவெடுத்தார்கள். தொடை நீளம், முழங்கால் உயரம், இடுப்பு அகலம் எல்லாம் டேப் வைத்து எடுத்தார்கள். நாற்காலி வந்தபோது பத்தரை வயது. வளரும் பிள்ளைக்கு ஒன்றரை வருடம் என்பது எவ்வளவு என்று துணி தைக்கிறவர்களைக் கேட்டால் தெரியும். முட்டி மேலே ஏறிக்கொண்டது, இடுப்பு இறுகியது. "அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்றார்கள். பேரணாம்பட்டுப் பக்கம் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி இருப்பதைக் கேள்விப்பட்டு அவளுக்குக் கொடுத்துவிட்டோம். அவளுக்கு அது பெரியது, இரண்டு பக்கமும் பழைய போர்வையைச் சுருட்டி வைத்தார்கள். உங்கள் படத்தில் இருந்த குழந்தைக்கும் அப்படித்தான் வேறு யாருடைய அளவோ வந்து சேர்ந்ததா, தெரியவில்லை. அளவெடுத்த அன்றைக்கே, இந்த அளவு, இந்தத் தேதிக்குள் கிடைக்கும், தாமதமானால் மறுபடி அளவெடுக்கப்படும் என்று ஒரு சீட்டு என் கையில் கொடுத்திருந்தால் நான் கேட்டிருப்பேன். கேட்பதற்குக் கையில் ஒன்றும் இல்லை.

இங்கே என் தொழிலைச் சொன்னால்தான் நான் சொல்ல வருவது விளங்கும். பீடி சுற்றுகிறவர்களுக்குக் கணக்குப் புத்தகம் ஒன்று இருக்கும். இன்றைக்கு இலை எத்தனை கிராம் வாங்கினோம், தூள் எத்தனை கிராம், எத்தனை கட்டு திருப்பிக் கொடுத்தோம், அதில் எத்தனை கழித்தார்கள் என்று எங்கள் கண் முன்னால் தினமும் எழுதுவார்கள். கழித்த பீடிக்குக் கூடக் காரணம் உண்டு: வாய் சரியாக மடியவில்லை, தூள் குறைவு. அந்தப் புத்தகம் இருப்பதால்தான் என்னால் சண்டை போட முடிகிறது. பீடிக்கு இருக்கிற கணக்குப் புத்தகம் என் பிள்ளையின் படிப்புக்கு இல்லையே ஆசிரியர் அவர்களே.

பணம் இல்லை என்று நான் சொல்லவில்லை. மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து பள்ளிக் கல்விக்குப் பணம் போடும் சமக்ர சிக்ஷா திட்டத்தில் சிறப்புத் தேவையுள்ள மாணவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் வரை இருக்கிறது. திட்டச் செலவில் நூற்றுக்கு 60 மத்திய அரசுடையது, 40 மாநில அரசுடையது. பள்ளி நடக்கும் நாட்களை 220 என்று வைத்தால் ஒரு நாளைக்குப் பதினாறு ரூபாய் கூட முழுதாக வரவில்லை. போதாதுதான். ஆனாலும் அந்தப் பதினாறு ரூபாய் என் மகனுக்காக எதில் செலவானது என்று எனக்கு யாராவது எழுதிக் கொடுத்திருக்கிறார்களா? போக்குவரத்துப் படி, துணையாள் படி வந்த வருடம் உண்டு, வராத வருடமும் உண்டு. ஏன் வந்தது, ஏன் வரவில்லை, இரண்டுக்கும் காரணம் தெரியாது. மாநில அரசு மாதாமாதம் கொடுக்கும் பராமரிப்பு உதவி 1,500 ரூபாயிலிருந்து 2,000 ஆனது. அதற்கு நன்றியோடு இருக்கிறேன். அந்த 2,000 அப்படியே பள்ளிக்குப் போய்வரும் ஆட்டோவுக்குப் போகிறது. சட்டப்படி போக்குவரத்து பள்ளியின் பொறுப்பு. பிள்ளையின் சத்துணவுக்கும் மருந்துக்கும் என்று அரசு கொடுக்கிற காசு ஆட்டோ டீசலாக எரிந்துபோகிறது.

மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் நடக்கும் வழக்கைப் பற்றிச் செய்தித்தாளில் படிக்கிறேன். மத்திய அரசின் பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் தமிழக அரசு கையெழுத்துப் போடவில்லை என்று 2024-25ஆம் ஆண்டுக்கான சமக்ர சிக்ஷா பணம் 2,152 கோடி ரூபாய் நிறுத்தப்பட்டது. 2025 மே மாதம் தமிழக அரசு உச்ச நீதிமன்றம் போனது. கொள்கையைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் படிப்பு எனக்கு இல்லை. ஆனால் எங்கள் வட்டார வள மையத்திலிருந்து பள்ளிக்கு வந்து என் மகனின் காலை நீட்டி மடக்கிப் பயிற்சி கொடுத்த பிசியோ அம்மா அந்த வருடம் பஸ் காசுக்குக் கடன் வாங்கினார் என்பது எனக்குத் தெரியும். ஒரு மாதம் பயிற்சி விட்டுப்போனால் என் மகனின் குதிகால் தசைநார் இறுகிப்போகும். திரும்பத் தளர்த்த மூன்று மாதம் ஆகும். அரசாங்கங்களின் வழக்கு பத்து வருடம் நடந்தாலும் நடக்கட்டும். இந்தப் பிள்ளைகளின் பங்கை மட்டும் தனியாக எடுத்து வைத்து, எந்த நிபந்தனையோடும் கட்டாமல் மாதாமாதம் கொடுங்கள் என்றுதான் இரண்டு பேரையும் கேட்கிறேன்.

சிறப்பாசிரியர்களின் கதையும் இதுவே. எத்தனை பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் என்று விதி வகுக்கும்படி உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபர் 28 அன்று சொன்னது; தொடக்க வகுப்பில் இத்தகைய பிள்ளைகள் 10 பேருக்கு ஒருவர், அதற்கு மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் வேண்டும் என்று 2022இல் மத்திய அரசு அறிவித்தது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் எல்லா மாநிலங்களையும் பணியிடங்களை உருவாக்கி அறிவிக்கும்படி உத்தரவிட்டது. எங்கள் பள்ளிக்கு வரும் சிறப்பாசிரியர் பல பள்ளிகளுக்குச் சேர்த்து ஒருவர். வாரத்தில் எங்கள் முறை வரும் நாளில் கூட்டம் வைத்துவிட்டால் அந்த வாரமே போயிற்று. தொகுப்பூதியம், ஒப்பந்தம் என்றே பல வருடம் ஓட்டிவிட்டார் அவர். பையனின் கையில் பேனாவைக் கட்ட ரப்பர் வளையம் ஒன்றைத் தன் காசில் வாங்கி வந்து கொடுத்தவர். இப்படிப்பட்டவர்களை நிரந்தரமாக்காமல் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கும் உள்ளடங்கிய கல்வி என்று பேசுவதில் அர்த்தமில்லை.

இப்போது என் நெஞ்சில் இருக்கிற பாரத்துக்கு வருகிறேன். பொதுத்தேர்வுக்கு இன்னும் இரண்டு மாதம்கூட முழுதாக இல்லை. என் மகனால் மூன்று மணி நேரம் எழுத முடியாது. தேர்வுத் துறை அனுமதியின்படி சொல்வதை எழுதுபவர் ஒருவரும் கூடுதலாக ஒரு மணி நேரமும் கிடைக்கும். விண்ணப்பம், மருத்துவச் சான்று, அடையாள அட்டை நகல் எல்லாம் கொடுத்தாகிவிட்டது. கிடைத்துவிடும் என்கிறார்கள், நம்புகிறேன். கவலை அனுமதியைப் பற்றி இல்லை. யார் வந்து எழுதப் போகிறார் என்பதைப் பற்றி.

என் மகன் பேச்சில் 'ச' வராது, 'த' என்றுதான் வரும். சமன்பாடு என்பது தமன்பாடு. சல்பர் என்பது தல்பர். நீளமான சொல் என்றால் நடுவில் மூச்சு வாங்குவான், அடுத்த பாதி வர ஐந்து நொடி ஆகும். வகுப்புப் பையன்களுக்கு இது தண்ணீர் பட்டபாடு. புதிதாகக் கேட்பவருக்கு இரண்டு நாளாவது பழக வேண்டும். காலாண்டுத் தேர்வில் சமூக அறிவியலுக்கு எழுத வந்தவர் அன்றைக்குத்தான் அவனை முதன்முதலில் பார்க்கிறார். நல்ல மனிதர், பொறுமையாகவே எழுதினார். 1806இல் வேலூர்க் கோட்டையில் நடந்தது என்ன என்று ஒரு கேள்வி. அவன் "சிப்பாய்ப் புரட்சி" என்று சொன்னது "திப்பாய்" என்று வந்திருக்கிறது. திப்பு சுல்தானின் பிள்ளைகளைக் கோட்டையில் அடைத்து வைத்திருந்தார்கள் என்பதும் அதே பாடத்தில் வருகிறதல்லவா, அவர் "திப்பு புரட்சி" என்று எழுதிவிட்டார். என் மகன் இல்லை, இல்லை என்று தலையை ஆட்டியிருக்கிறான். கழுத்து தானாக ஆடுவது அவனுக்கு வழக்கம் என்று அவர் நினைத்துக்கொண்டார். விடைத்தாள் கைக்கு வந்தபோது அந்த இடத்தில் சிவப்பு மை. கோட்டைக்குள் நான் அவனை எத்தனை முறை தள்ளிக்கொண்டு போயிருக்கிறேன். அகழியைப் பார்த்துக்கொண்டே அந்தக் கதையை எனக்குச் சொன்னவனே அவன்தான். அன்றைக்கு ராத்திரி சாப்பிடாமல் படுத்துவிட்டான்.

அரையாண்டுக்கு நானே போய்க் கேட்டு, காலாண்டுக்கு வந்த அதே ஆசிரியரை வரவழைக்க வைத்தேன். ஒரே ஒரு தேர்வு பழகியதில் எவ்வளவு மாற்றம் என்கிறீர்கள்! அவருக்கு 'த' எல்லாம் 'ச' ஆகக் கேட்க ஆரம்பித்துவிட்டது. தலையாட்டலுக்குப் பதிலாக, தப்பாக எழுதினால் இடது கையால் மேசையைத் தட்டு என்று அவரே ஒரு வழி சொல்லிக் கொடுத்தார். நாற்பத்தெட்டு மதிப்பெண் அறுபத்தேழாக ஆனது. பிள்ளை அதே பிள்ளை, பாடமும் அதேதான்.

பொதுத்தேர்வுக்கு வேறு ஒருவரைப் போடுவார்களாம். தெரிந்தவர் எழுதினால் உதவி செய்துவிடுவார் என்ற பயம் எனக்குப் புரிகிறது. பாடம் தெரியாத ஆசிரியரைப் போடுங்கள், மேற்பார்வைக்கு ஆள் போடுங்கள், சொல்வதை எல்லாம் ஒலிப்பதிவு செய்யுங்கள், எங்களுக்குச் சம்மதம். ஆனால் யார் என்பதை ஒரு மாதம் முன்னாலேயே முடிவு செய்து, நான்கு நாள் என் மகனோடு உட்கார்ந்து அவன் பேச்சைக் கேட்டுப் பழக விடுங்கள். தேர்வு எழுதும் உரிமையை எழுத்து வேகத்தோடு கட்டிப்போடக் கூடாது என்ற எண்ணத்தில்தானே, எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் ஒரு தேர்வருக்கு 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்வதை எழுதுபவரை அனுமதித்தது! 40 விழுக்காடு என்ற எல்லைக்குக் கீழே இருந்தவருக்கே அந்த நியாயம் கிடைத்தது. எங்களிடம் 75 விழுக்காடு என்று சீல் வைத்த அட்டை இருக்கிறது.

இன்னொன்று, சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லியே ஆக வேண்டும். மூன்று மணி நேரத் தேர்வு, கூடுதல் ஒரு மணி, முன்னால் பதினைந்து நிமிடம், அதற்கும் முன்னால் போய்க் காத்திருக்கும் நேரம். தேர்வு மையம் வேறு பள்ளியில். அங்கே சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறை இருக்கிறதா என்று கேட்டேன். "பார்த்துக்கலாம்மா" என்றார்கள். அரையாண்டில் ஐந்து தேர்வு நாளும் என் மகன் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. நான் டம்ளரை நீட்டினால் வாயை இறுக மூடிக்கொள்வான். பொதுக் கட்டடங்களில் எட்டக்கூடிய வசதிகள் விருப்பத்துக்கு விட்டதாக இருக்கக் கூடாது, கட்டாயமாக வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஒரு கதவை ஒன்றரை அடி அகலப்படுத்தி, சுவரில் ஒரு கைப்பிடி அடிக்க எத்தனை நாள் ஆகும்? என் தம்பி கொத்தனார். இரண்டு நாள் என்கிறான். அனுமதி கொடுத்தால் சிமெண்ட் நாங்கள் வாங்கி வருகிறோம்.

இது வேலூர் மாவட்டம் என்பதால் கூடுதலாக வலிக்கிறது. விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த பிறகு, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்த மேரி வர்கீஸ் டாக்டரம்மா இருந்த ஊர் இது. அவர் கட்டி எழுப்பிய மறுவாழ்வு மையம் 1966 முதல் பாகாயத்தில் இருக்கிறது. எங்கெங்கிருந்தோ பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இந்த ஊருக்கு வருகிறார்கள். இங்கே பிறந்த பிள்ளை தண்ணீர் குடிக்காமல் தேர்வு எழுதுகிறது.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் இத்தகைய ஒவ்வொரு பிள்ளையின் பெற்றோர் கையிலும் தமிழில் ஒரு தாள். இந்த வருடம் உங்கள் பிள்ளைக்கு உரியது இவை: உபகரணம், போக்குவரத்து, துணையாள், உதவித்தொகை, சிறப்பாசிரியர் வரும் நாள், பிசியோ வரும் நாள், தேர்வுச் சலுகை. ஒவ்வொன்றுக்கும் எதிரே எவ்வளவு, எந்தத் தேதிக்குள். மார்ச்சில் அதே தாளில் எது கொடுத்தோம், எது கொடுக்கவில்லை, கொடுக்காததற்குக் காரணம் என்ன என்று எழுதித் தலைமையாசிரியர் கையெழுத்தும் பெற்றோர் கையெழுத்தும். படிக்கத் தெரியாத தாய்க்கு வாசித்துக் காட்டிய பிறகு கையெழுத்து வாங்குங்கள். அவ்வளவுதான். தலைமையாசிரியர்களுக்கும் இது பாதுகாப்பு. சாய்தளத்துக்குப் பணம் கேட்டேன், வரவில்லை என்று அவரும் அதில் எழுதலாமே. எங்கள் பள்ளியில் அவர் மேலே எழுதிப் பதில் வராத கடிதங்கள் எத்தனை என்று எனக்கும் கொஞ்சம் தெரியும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம், மறுபடி மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை என்று 89ஆம் பிரிவில் இருக்கிறது. யாருக்கும் அபராதம் வாங்கித் தர எனக்கு ஆசை இல்லை. வழக்கு, சென்னையில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் மனு என்று அலைய எனக்கு நாளும் இல்லை. கணக்குப் புத்தகத்தின் பின்பக்கத்தில் குறித்து வைத்திருக்கிறேன்: இந்த ஐந்து வருடத்தில் சான்றிதழுக்கும் அட்டைக்கும் மனுவுக்கும் அலைந்தது 61 நாள். கே.வி.குப்பம், லத்தேரி, காட்பாடி என்று பஸ்ஸில் போய், வேலூரில் இறங்கி இன்னொரு பஸ் ஏறி, பாதி நாட்களில் "சார் லீவு, திங்கக்கிழமை வாங்க" என்ற பதிலோடு திரும்பியது. அந்த ஒவ்வொரு நாளும் பீடி சுற்றாத நாள். குடியாத்தத்திலேயே மாதம் ஒரு நாள் மருத்துவர், நல அலுவலகத்துக்காரர், கல்வித் துறைக்காரர் மூவரும் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் இதில் முக்கால்வாசி நாள் எனக்கு மிஞ்சியிருக்கும். முன்பு ஒரே மாவட்டமாக இருந்தபோது நாட்றம்பள்ளியிலிருந்தும் வேலூருக்கு வந்து நின்ற தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன். 2019இல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்த பிறகு அவர்களுக்குத் தூரம் குறைந்தது. தூரத்தைக் குறைக்க முடியும் என்பது அரசுக்குத் தெரியாதது இல்லை.

இந்தக் கடிதத்தை எழுதி முடித்து மகனிடம் படித்துக் காட்டினேன். திப்பு விஷயத்தை எடுத்துவிடு, அந்த சார் மனசு கஷ்டப்படும் என்றான். அவர் பெயரைப் போடவில்லை என்று சொன்ன பிறகுதான் சரி என்றான். அவரையே பொதுத்தேர்வுக்கும் அனுப்பச் சொல்லிக் கேளு என்றும் சொன்னான். தேர்வுத் துறை அதிகாரிகள் யாராவது இதைப் படித்தால், நாங்கள் கேட்பதாக எடுத்துக்கொள்ளுங்கள். முடியாது என்றால் அதை எழுதிக் கொடுங்கள்.

என் பெயரும் முகவரியும் தொலைபேசி எண்ணும் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். மகன் தேர்வு முடியும் வரை அவற்றை அச்சிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பீடித் தொழிலாளி,
குடியாத்தம் வட்டம், வேலூர் மாவட்டம்.